நீரும் எடையும்: ஓர் உடல்நல அறிவுரையின் மொழிபெயர்ப்பு வரலாறு

பெங்களூரின் தென்பகுதியில் ஓசூர் சாலையை ஒட்டி அமைந்துள்ள அடுகோடி, தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் இடங்களுள் ஒன்று. தெலுங்கும் உருதும் அங்குக் கேட்கக்கூடியவையே. இத்தகைய பன்மொழிச் சூழலில் ஓர் எளிய உடல்நல அறிவுரை மொழி மாறும்போது என்ன நேரும் என்பதற்குத் 'தண்ணீர்' என்னும் ஒரு சொல்லே போதிய சான்றாகும். கன்னடத்தில் 'நீரு' என்பது பொதுப்பெயர், 'பிசிநீரு' சுடுநீர், 'தண்ணீரு' குளிர்ந்த நீர். தமிழிலும் 'தண்ணீர்' என்பது தண்மை, நீர் என்றே பிரியும். ஆயினும் வழக்கில் அது தன் அடைப்பொருளை இழந்து பொதுப்பெயராகிவிட்டது. அவ்வாறு ஆகியிராவிடின் 'சுடுதண்ணீர்' என்ற முரண்தொடர் தோன்றியிருக்க வழியில்லை. குளிர்ந்ததைச் சுட்ட இன்று 'பச்சைத் தண்ணீர்' என்றோ 'ஐஸ் தண்ணீர்' என்றோ புதிய அடை தேவைப்படுகிறது. எனவே, 'தண்ணீரு குடிக்க வேண்டாம்' என்னும் பொருள்பட அமைந்த கன்னட அறிவுரையை ஒலியொப்புமை கருதித் தமிழில் தருபவர், குளிர்நீரை விலக்கச் சொன்ன இடத்தில் நீரையே விலக்கச் சொல்லிவிடுகிறார்.

இங்கு மறைந்தது பெயர்ச்சொல் அன்று, அடையே. நீர் அருந்துதல், உடல் எடை, உடல்நலம் ஆகியவற்றை இணைத்துப் பேசும் அறிவுரைகளின் வரலாற்றை நோக்கினால் இதே நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. எப்போது, எவ்வளவு, எத்தகைய நீர், எவருக்கு என்னும் வரையறைகள் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கும், ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்கும் செல்லும் வழியில் உதிர்ந்துவிட, 'நீர் குடி' என்னும் ஏவல் மட்டும் எஞ்சுகிறது.

வாகபடரின் நிரல்நிறை

ஏறத்தாழக் கி.பி. 7ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் வாகபடரின் அஷ்டாங்கஹிருதயம், நீர் அருந்தும் வேளைக்கும் உடலின் பருமனுக்கும் நேரடித் தொடர்பு கூறுகிறது. அந்நூலின் சூத்திரத்தானம் ஐந்தாம் அதிகாரத்தில் இச்செய்தி மிகச் சுருங்கிய தொகையாக அமைந்துள்ளது. அளவான உடலர், பருத்த உடலர், மெலிந்த உடலர் என மூவர் ஒரு நிரலில் வருகின்றனர். உணவின் நடுவில், இறுதியில், முதலில் என மூன்று வேளைகள் மற்றொரு நிரலில் வருகின்றன. முதலதை முதலதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் பொருத்திக்கொள்வது படிப்பவர் கடமை. தமிழ் இலக்கணத்தார் இதனை நிரல்நிறை என்பர்.

மொழிபெயர்ப்பாளருக்கு இதில் ஒரு பொறி உள்ளது. நடு, இறுதி, முதல் என்ற வரிசை இயல்பான கால வரிசை அன்று. அதனை முதல், நடு, இறுதி எனத் திருத்தி அமைத்துவிட்டு, மூவகை உடலரின் வரிசையை மட்டும் மூலத்தில் உள்ளவாறே விட்டுவிட்டால், உணவுக்கு முன் நீர் அருந்துபவர் அளவான உடலராகவும், நடுவில் அருந்துபவர் பருத்தவராகவும் மாறிவிடுவர். இலக்கணப் பிழை ஏதும் தோன்றாது. வாக்கியம் முன்னினும் தெளிவாகவே இருக்கும். பொருள் மட்டும் தலைகீழாகும்.

இதனினும் நுண்ணிய மாற்றம் மதிப்பீட்டில் நேர்கிறது. உணவுக்கு முன் நீர் அருந்தினால் உடல் மெலியும் என்பது வாகபடரிடம் பரிந்துரை அன்று. அளவான உடல் ஒன்றே விரும்பத்தக்கது. பருமனும் மெலிவும் அதனின்று இருபுறமும் விலகிய நிலைகள். சரகசம்ஹிதையும் பழிக்கத்தக்க எண்வகை உடலருள் மிகப் பருத்தவரையும் மிக மெலிந்தவரையும் சேர்த்தே எண்ணுகிறது. இவ்விருவருள் மெலிந்தவர் நிலை மேலானது என்று அது கூறினும் இருவரும் இடருற்றவரே. ஆகவே, எடையைக் குறைக்க உணவுக்கு முன் நீர் அருந்துமாறு பண்டை ஆயுர்வேதம் அறிவுறுத்தியது என்று இன்று எழுதுவோர், ஓர் எச்சரிக்கையைப் பரிந்துரையாக மொழிபெயர்க்கின்றனர்.

சுருக்குதலும் கருக்குதலும்

சித்த மருத்துவ மரபில் நீரின் வேளையைவிட நீரின் பக்குவமே பெரிதும் பேசப்படுகிறது. பதார்த்தகுண சிந்தாமணி மழைநீர், ஆற்றுநீர், கிணற்றுநீர் முதலியவற்றின் குணங்களைத் தனித்தனியே வகுத்துரைப்பது இதற்குச் சான்று. தேரையர் பெயரில் வழங்கும் பாடல்களில் நீர், மோர், நெய் ஆகிய மூன்றையும் எவ்வாறு கொள்ள வேண்டும் என்ற அறிவுரை ஓரிடத்தில் 'கருக்கு' என்னும் வினையோடும், மற்றோரிடத்தில் 'சுருக்கு' என்னும் வினையோடும் காணப்படுகிறது.

'சுருக்குதல்' இருபொருள் தரவல்லது. நீரைக் காய்ச்சி அளவில் வற்றச் செய்தல் ஒன்று. நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்ளுதல் மற்றொன்று. பிற்பொருளைக் கொண்டு, தமிழ் மருத்துவம் குறைவாக நீர் அருந்தச் சொன்னது என்போர் உளர். அப்பொருள் பொருந்துமாறில்லை. மோரைப் பெருக்குதல் என்பது மிகுதியாக மோர் குடித்தல் அன்று. நீர் சேர்த்து மோரை விளாவுதல். நெய்யை உருக்குதலும் அடுப்படித் தொழிலே. மூன்று வினைகளும் அடுத்தடுத்து வருமிடத்து இரண்டு பக்குவத்தையும் ஒன்று மட்டும் உட்கொள்ளும் அளவையும் சுட்டும் எனக் கொள்வது வலிந்து பொருள்கோடலாகும். 'கருக்கு' என்னும் பாடத்திற்குக் காய்ச்சி வற்றுவித்தல் என்ற ஒரு பொருளே இயைவதும் இதனை உறுதிப்படுத்துகிறது. வற்றிய நீர் ஒருபுறம் போக, மோரின் வழியே நீர் மறுபுறம் உடலுக்குள் வந்துவிடுவதையும் நோக்க வேண்டும். உடல் பெறும் நீரைக் குறைப்பது அப்பாடல்களின் கருத்தாக இருந்திருக்க இயலாது.

காந்தியடிகளின் இரு நூல்கள்

அடுகோடியில் இன்று தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் உள்ளது. 1923இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற அரசுக் கால்நடை, பால்பண்ணை நிறுவனத்தின் தொடர்ச்சி அது. 1927இல் உயர் இரத்த அழுத்தத்தால் நலிவுற்று நந்தி மலையிலும் பின்னர்ப் பெங்களூரிலும் ஓய்வெடுத்த காந்தியடிகள், அந்நிறுவனத்திற்குச் சென்று மாடு வளர்ப்புப் பற்றிப் பாடம் கேட்டார். நீர் பற்றிய அவருடைய எழுத்துகள் இதற்கு முன்னும் பின்னுமாக இரு கட்டங்களில் அமைந்தவை.

தென்னாப்பிரிக்காவில் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் (தொடக்க ஆண்டுகளில் தமிழ்ப் பகுதியும் கொண்டிருந்த இதழ் அது) 1913இல் அவர் குஜராத்தியில் உடல்நலம் குறித்துத் தொடர் கட்டுரைகள் எழுதினார். அவை இந்திக்குச் சென்று, இந்தியிலிருந்து ஏ. ராம ஐயரால் ஆங்கிலமாக்கப்பெற்று, 1921இல் சென்னையில் எஸ். கணேசனால் நூலாக வெளியிடப்பெற்றன. அதில் நீர் அருந்துதற்குரிய நெறி மிக எளியது: தாகம் எடுக்கும்போது மட்டும், தாகம் தணியும் அளவு அருந்த வேண்டும். உணவிலேயே நீர் இருப்பதையும், புதிய பழங்களை முதன்மை உணவாகக் கொள்பவருக்குத் தனியே நீரின் தேவை மிகக் குறைவு என்பதையும் அவர் அங்கேயே கூறிவிடுகிறார். காரணமின்றி எப்போதும் தாகம் கொள்பவருக்கு ஏதேனும் நோய் இருத்தல் வேண்டும் என்பதும் அவர் கருத்து.

இரண்டாவது நூல் 1942இல் ஆகாகான் மாளிகைச் சிறைவாசத்தின்போது குஜராத்தியில் எழுதப்பட்டது. சுசீலா நய்யாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1948இல் வெளிவந்தது. இதில் ஓர் எண் நுழைகிறது. ஒருவர் நாளொன்றுக்கு 5 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.3 லிட்டர், நீரோ பிற நீர்ம உணவோ கொள்ள வேண்டும் என்கிறார். 'பிற நீர்ம உணவோ' என்னும் தொடர் இங்குக் கருதத்தக்கது. அதனை நீக்கிவிட்டால் காந்தியடிகள் நாள்தோறும் 2.3 லிட்டர் வெறும் நீர் அருந்தச் சொன்னார் என்றாகிவிடும். கஞ்சி, நீராகாரம், நீர்மோர், பானகம், இரசம் என நீர்மத்தை உணவாகவே கொள்ளும் தமிழ் வழக்கிற்கு அத்தொடரே உயிர்நாடி.

உதிர்ந்த வாக்கியம்

காந்தியடிகளின் நூலுக்கு நேராத அந்த நீக்கம் அமெரிக்க ஆவணம் ஒன்றுக்கு நேர்ந்தது. 1945இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தின் உணவு, ஊட்டச்சத்து வாரியம், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நாளொன்றுக்கு 2.5 லிட்டர் நீர் ஏற்றது எனவும், உணவின் ஒவ்வொரு கலோரிக்கும் ஒரு மில்லிலிட்டர் என்பது பொது அளவு எனவும் குறித்தது. அடுத்த வாக்கியமே இவ்வளவில் பெரும்பகுதி சமைத்த உணவில் அடங்கியுள்ளது என்றது. பின்வந்தோர் பலர் முன்வாக்கியத்தை எடுத்தாண்டு பின்வாக்கியத்தைக் கைவிட்டனர். பாட பேதம் ஆராய்வோர்க்கு இது புதிதன்று. ஏடு பெயர்த்தெழுதுவோர் கைவிட்ட ஓரடியால் ஒரு செய்யுளின் கருத்தே மாறுவதை அவர்கள் நன்கறிவர்.

1967இல் இர்வின் ஸ்டில்மன் என்னும் மருத்துவர் சாம் சின்க்ளேர் பேக்கருடன் இணைந்து எழுதிய விரைவு எடைக்குறைப்பு நூல், நாளும் எட்டுக் கிளாஸ் நீரை எடைக்குறைப்புத் திட்டத்தின் உறுப்பாக்கியது. அத்திட்டம் மக்களிடையே 'நீர் உணவுமுறை' என்றே பெயர் பெற்றது. நீருக்கும் எடைக்குமான தொடர்பு வணிக நூல் வழியே உலகெங்கும் பரவிய கட்டம் இது. 1974இல் ஃபிரெடரிக் ஸ்டேரும் மார்கரெட் மெக்வில்லியம்ஸும் எழுதிய ஊட்டவியல் நூலும் ஆறு முதல் எட்டுக் கிளாஸ் என்றது. ஆனால் காப்பி, தேநீர், பால், மென்பானம் ஆகியவையும் அதில் சேரும் என்றும், பழங்களும் காய்கறிகளும் நீர் தருவன என்றும் அது விளக்கியது. எண் நிலைத்தது, விளக்கம் நிலைக்கவில்லை.

சிறுநீரக இயலறிஞர் ஹைன்ஸ் வால்டின் 2002இல் அமெரிக்க உடலியங்கியல் இதழில் எழுதிய கட்டுரையில், எட்டுக் கிளாஸ் விதிக்கு அறிவியல் அடிப்படை எதனையும் காண இயலவில்லை என்றார். இம்மறுப்புக்கும் ஓர் அடை உண்டு. மிதமான தட்பவெப்பத்தில், பெரும்பாலும் அமர்ந்து பணிபுரியும், நோயற்ற பெரியவர்களைப் பற்றியே அவர் பேசினார். அவ்வரையறையை விடுத்து, 'எட்டு டம்ளர் தேவையில்லை' என்று மட்டும் தமிழில் எழுதினால், சித்திரை வெயிலில் சாலை போடும் தொழிலாளிக்கும் அது விதியாகிவிடும். மூடநம்பிக்கையை மறுப்பவரும் அதே பிழையைச் செய்யக்கூடும் என்பதை மொழிபெயர்ப்பாளர் மறந்துவிடலாகாது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி நலமுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ எட்டுக் கிளாஸ், அதாவது 2 லிட்டர், என்றே குறித்தது. நம் நாட்டு வெப்பநிலையை நோக்க அது மிகையான அளவு அன்று. அது எடைக்குறைப்புக்கான அளவும் அன்று.

நீர் எடையைக் குறைக்கிறதா என்ற வினாவுக்கு ஆய்வுகள் தந்துள்ள விடை அடக்கமானது. 500 மில்லிலிட்டர் நீர் அருந்தியபின் உடலின் ஆற்றல் செலவு சுமார் 30 விழுக்காடு உயர்ந்தது என 2003இல் பெர்லின் ஆய்வாளர் சிலர் கண்டனர். 2006இல் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்ட ஆய்வு அவ்வுயர்வைக் காணவில்லை. 2010இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், 55 முதல் 75 வயது வரையுள்ள 48 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், உணவுக்கு முன் 500 மில்லிலிட்டர் நீர் அருந்தியோர் மற்றவர்களைவிட ஏறத்தாழ 2 கிலோ கூடுதலாக எடை குறைந்தனர். ஆனால் இரு சாராருமே கலோரி குறைந்த உணவில் இருந்தவர்கள். 2015இல் பர்மிங்காம் ஆய்வாளர்கள் 84 பேரிடம் செய்த ஆய்வில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 1.3 கிலோ. நீர் வயிற்றை நிரப்பி உணவைச் சிறிது குறைக்கிறது. சர்க்கரை சேர்ந்த பானத்திற்கு மாற்றாக அமைந்தால் அவ்வளவு கலோரி மிச்சமாகிறது. கொழுப்பை நீர் கரைத்து வெளியேற்றும் என்பது உவமை நடையே அன்றி உடலியல் உண்மை அன்று.

குறைதல், குறைத்தல், இழப்பு

ஆங்கிலத்தின் 'வெயிட் லாஸ்' என்னும் தொடர், தானே நேர்வதையும் முயன்று செய்வதையும் வேறுபடுத்துவதில்லை. தமிழில் தன்வினையும் பிறவினையும் அவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன: எடை குறைந்தது, எடையைக் குறைத்தார். கன்னடத்தில் 'தூக இளி', 'தூக இளிசு' என்பனவும் அவ்வாறே. ('தூக' என்பது தமிழின் 'தூக்கு' என்பதோடு உறவுடையது, தமிழ்த் 'தூக்கம்' உறக்கத்தைக் குறிக்க, கன்னடம் நிறுத்தலின் பொருளைப் பெயரில் காத்துக்கொண்டது.) இவ்வளவு வசதி இருந்தும் 'எடையிழப்பு' என்ற சொல்லே அண்மைக் காலத்தில் விளம்பரங்களில் பெருகியுள்ளது. பொருளிழப்பு, உயிரிழப்பு போல இழப்பு என்பது வருந்தத்தக்கது. அதனோடு 'சிகிச்சை' சேரும்போது சிக்கல் மிகுகிறது. காசநோய்ச் சிகிச்சை காசநோயைப் போக்குவது. அதே வாய்பாட்டில் எடையிழப்புச் சிகிச்சை எடையிழப்பைப் போக்குவதாகவே இருக்க வேண்டும்.

'இளைத்தல்' வடிவில் பிறவினைபோல் தோன்றினும் தன்வினையே. ஒருவர் இளைப்பார், மற்றொருவரை இளைக்க வைக்கத்தான் இயலும். இச்சொல்லின் சுற்றம் முழுவதும் நோய் சார்ந்தது. 'இளைப்பு' மூச்சுத்திணறலையும் குறிக்கும். காசநோய் 'எலும்புருக்கி' எனப்பட்டது. 'சயம்' என்பதும் தேய்வே. 'இளைத்துவிட்டீர்களே' என்பது நெடுங்காலம் கவலையின் மொழி. 'பூசினாற்போல் இருக்கிறார்' என்பதே பாராட்டாக இருந்தது. இச்சொற்கள் விழைவின் சொற்களாக மாறிவரும் காலத்தில், பழம்பொருள் இன்னும் மறையாத வீட்டுப் பெரியவர்களும் அதே துண்டறிக்கையைப் படிக்கின்றனர்.

இம்மாற்றத்தின் இடர் 'நீரிழிவு' என்னும் சொல்லில் குவிந்துள்ளது. இதிலுள்ள 'இழிவு' தாழ்வு என்னும் மதிப்பீடன்று, இறங்கி ஒழுகுதல். மேற்காட்டிய கன்னட 'இளி' இதற்கு இனமான வினையே. மிகுதாகம், மிகுநீர் கழிதல், உடல் மெலிதல் ஆகியவை அந்நோயின் அறிகுறிகள். இனி இரு வாக்கியங்களை ஒப்பிடலாம். எடைக்குறைப்பில் ஈடுபட்ட ஒருவரைப் பற்றி, 'நிறையத் தண்ணீர் குடிக்கிறார். எடை குறைகிறது' என்று சொல்லலாம். நீரிழிவு இன்னும் கண்டறியப்படாத ஒருவரைப் பற்றியும் அதே சொற்களால் சொல்லலாம். முன்னதில் முதல் வாக்கியம் காரணம், இரண்டாவது விளைவு. பின்னதில் இரண்டும் வேறொரு காரணத்தின் விளைவுகள். இரு வாக்கியங்களையும் இணைக்கும் இடைச்சொல் ஏதும் இல்லாமையால் படிப்பவர் தமக்குப் பழக்கமான தொடர்பையே கற்பித்துக்கொள்வர். நீர் குடித்தால் எடை குறையும் என்று படித்துப் பழகிய ஒருவர், தம் உடல் காட்டும் நோய்க்குறியை முயற்சியின் வெற்றியாகக் கொள்வதற்கு இது போதுமானது. தீராத தாகத்தை நோயின் அடையாளமாகக் கண்ட 1913ஆம் ஆண்டுக் கட்டுரை இவ்வகையில் பிற்காலத் துண்டறிக்கைகள் பலவற்றைவிடக் கவனமானது.

எதிர்ப்புறத்திலும் இடர் உண்டு. இதயத் தளர்ச்சியோ முற்றிய சிறுநீரக நோயோ உடையவருக்கு மருத்துவர் நீரின் அளவை வரையறுத்திருக்கக்கூடும். அவர் உடலில் நீர் தேங்கினால் எடை சில நாள்களிலேயே ஏறும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பது அங்கு வெறும் கணக்கு அன்று, நாள்தோறும் நோக்க வேண்டிய குறி. அவர் கைக்கு வரும் தாளில் 'நிறைய' என்று இருப்பதும் 'போதிய அளவு' என்று இருப்பதும் ஒன்றாகா.

அளவுச் சொல்லும் இவ்வாறே. எட்டுக் கிளாஸ் விதியின் கிளாஸ் எட்டு அவுன்சு, ஏறத்தாழ 237 மில்லிலிட்டர். தமிழில் அது 'குவளை' ஆகும்போது அளவு மறைகிறது. 'டம்ளர்' ஆகும்போது வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது. காப்பி டம்ளரால் எட்டு என்பது ஒரு லிட்டரை எட்டாமற்போகலாம். சொம்பால் எட்டு என்பது ஆபத்து. அடுகோடி போன்ற பகுதியில் கன்னட 'லோட்டா', தமிழ் 'டம்ளர்', 20 லிட்டர் கேன், குழாயில் வரும் காவிரி நீர், ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் ஆகிய அனைத்தும் ஒரே வீட்டில் வழங்குகின்றன. அங்குப் படிக்கப்படும் தமிழ்த் தாளில் மில்லிலிட்டரை எண்ணால் குறித்து, அதற்குரிய பாத்திரத்தின் படத்தையும் அருகில் அச்சிடுவது, 'கிளாஸ்' என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் எது என்ற வாதத்தைவிடப் பயன் தரும்.